வகுப்பு எதைப் பார்க்கிறது? லினக்ஸில் ஒரு திரையும் இரு திரையும்: ஒரு மதிப்பீடு



இப்பகுதியில் வழக்கமாக ஒரு நூலையோ பயிற்றுத் துணைப்பொருளையோ எடுத்து மதிப்பிடுவோம். இம்முறை எடுத்துக்கொண்டது, நாம் தினமும் தொட்டாலும் ஒருநாளும் எடைபோட்டுப் பார்க்காத ஒன்று. மடிக்கணினியை எல்.சி.டி.யோடு இணைக்கிறோம், பாடம் முடிந்ததும் கழற்றுகிறோம். ஒரு திரை இரண்டாகிறது, இரண்டு மறுபடியும் ஒன்றாகிறது. இந்த மாற்றத்தை லினக்ஸ் மேசைச்சூழல்கள் எப்படிக் கையாள்கின்றன என்பதே இன்றைய பொருள்.

பழைய மடிக்கணினியில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ போட்டு ஓட்டுகிற ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. உரிமக் கட்டணம் இல்லை, பழைய கணினியும் கொஞ்சம் மூச்சு விடும். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். சிக்கலின் வேர் இரண்டிலும் ஒன்றுதான்.

நடந்தது என்ன?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு 5 வகுப்பு. கருத்துணர்தல் பாடம். முதல்நாள் இரவு வகுப்புசார் மதிப்பீட்டுக்காக ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். மாணவர் பெயர், அடைவுநிலை, பக்கத்தில் எனக்கு மட்டும் புரியும்படி ஒரு குறிப்பு. அந்தக் கோப்பு திறந்தே இருந்தது. வகுப்புக்குள் நுழைந்து எல்.சி.டி. கேபிளைச் செருகினேன். என் முதுகுக்குப் பின்னால் பட்டியல் முழுசா சுவரில் விழுந்துவிட்டது.

பதற்றத்தில் மடிக்கணினியின் மூடியை மூடினேன். என் முன்னால் இருந்த திரை மறைந்தது. சுவரில் இருந்தது அப்படியே நின்றது. "சார், அது என் பேரு" என்று ஒரு பையன் சொன்னான். அவன் பெயருக்கு நேரே இருந்த குறிப்பு, நான் அவனிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில் கேபிளைப் பிடுங்கினேன். அதற்குள் வகுப்பு படித்துவிட்டது. வாசிப்பில் தடுமாறுகிற பையன், அன்று அந்த ஒரு வரியை மட்டும் தடுமாறாமல் படித்தான்.

தப்பு என்னுடையதுதான். கோப்பை மூடியிருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு எனக்கு ஒரு கேள்வி வந்தது. முந்தின வாரம் வள அறையில் இதே கேபிள், இதே கணினி. அங்கே சுவரில் வெறும் பின்னணிப்படம்தான் தெரிந்தது. வகுப்பறையில் மட்டும் ஏன் இப்படி? இந்த மதிப்பீடு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

நான்கு நிலைகள்

இரண்டு திரை இருந்தால் நான்கு ஏற்பாடுகள் சாத்தியம். ஒன்று, இரண்டு திரையிலும் ஒரே காட்சி. இரண்டு, இரு திரைகளும் சேர்ந்து ஒரு நீண்ட மேசை. இதில் ஒரு சாளரத்தை இங்கே வைக்கலாம், இன்னொன்றை அங்கே தள்ளலாம். மூன்று, வெளித்திரை மட்டும். நான்கு, மடிக்கணினித் திரை மட்டும்.

இவற்றுக்கிடையே தாவுவது ஒருகாலத்தில் பெரிய வேலை. லினக்ஸில் அமைவுக் கோப்பைக் கையால் எழுதி, வரைகலைச் சூழலையே மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. எக்ஸ் சாளர அமைப்பின் ரேண்டர் நீட்சி 1.2ஆம் பதிப்பு 2007இல் வந்த பிறகுதான், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைச் சேர்ப்பதும் விடுவதும் இயல்பான காரியமாயிற்று. எச்.டி.எம்.ஐ. கேபிளில் 'ஏதோ செருகப்பட்டது' என்று சொல்வதற்கென்றே ஒரு முள் உண்டு. பழைய வி.ஜி.ஏ. கேபிளில் அதற்கென்று தனி முள் கிடையாது. அதனால்தான் பழைய எல்.சி.டி.யைச் செருகினால் சில நேரம் கணினி கண்டுகொள்ளாமல் இருக்கிறது.

செருகியதும் திரை தன்னைப் பற்றிய சின்னக் குறிப்பைக் கணினிக்கு அனுப்பும். தயாரிப்பாளர் யார், மாதிரி எது, எந்தெந்தத் தெளிவுத்திறனைத் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள்தான். இந்தச் சின்னக் குறிப்பை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த அளவுகோலால் அளப்பது?

அளவுகோல் இல்லாத மதிப்பீடு வெறும் விருப்புவெறுப்பு. நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

ஒன்று: மாற்றும் முன், வகுப்பு எதைப் பார்க்கப்போகிறது என்று எனக்குத் தெரிகிறதா?
இரண்டு: கணினி எதை நினைவில் வைக்கிறது, எதை மறக்கிறது?
மூன்று: தவறு நடந்தால் எவ்வளவு விரைவில் மறைக்க முடிகிறது?
நான்கு: சுவரில் விழும் தமிழ் எழுத்து, கடைசி வரிசை மாணவனுக்கும் சரியாகத் தெரிகிறதா?

'எத்தனை அமைவுகள் இருக்கின்றன' என்பதை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. அமைவுகள் நிறைய இருப்பது பெருமைதான். ஆனால் மணி அடித்து இரண்டு நிமிடத்தில் பாடம் தொடங்க வேண்டிய ஆசிரியருக்கு அது உதவாது.

க்னோம்: நல்ல பொறி, தவறான பெயர்கள்

உபுண்டுவின் இயல்பான மேசைச்சூழல் க்னோம். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் போட்ட விசையை லினக்ஸில் சூப்பர் விசை என்பார்கள். அதை அழுத்திக்கொண்டு 'பி' விசையைத் தட்டினால் நான்கு படங்கள் வரும்: மிர்ரர், ஜாயின் டிஸ்ப்ளேஸ், எக்ஸ்டர்னல் ஒன்லி, பில்ட்-இன் ஒன்லி. 'பி'யைத் தட்டத் தட்டத் தேர்வு நகரும். சூப்பர் விசையை விட்டதும் அந்த நொடியே அமலாகும்.

வேகத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் எங்கே? நான்கு பெயர்களும் திரைகளைப் பற்றிப் பேசுகின்றன. பார்ப்பவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'பிரதிபலி', 'இணை' என்பது திரைக்கும் திரைக்கும் உள்ள உறவு. ஆசிரியருக்கு வேண்டியது திரைக்கும் மாணவருக்கும் உள்ள உறவு. 'வகுப்பும் நானும் ஒன்றையே பார்க்கிறோம்', 'வகுப்புக்கு ஒன்று, எனக்கு ஒன்று', 'வகுப்புக்கு மட்டும்', 'எனக்கு மட்டும்' என்று இருந்தால் பயிற்சி இல்லாதவர்கூடத் தயங்காமல் தேர்ந்தெடுப்பார்.

இன்னொரு குறை. அவசரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டால், இருக்கும் நிலைக்கு அடுத்த நிலைக்குத் தாவிவிடும். 'இதையே வைத்துக்கொள்ளவா?' என்ற கேள்வி கிடையாது. அமைவுகள் பகுதிக்குள் போய் மாற்றினால் அந்தக் கேள்வி வருகிறது. 20 நொடிக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒரே சூழலில் ஒரே காரியத்துக்கு இரண்டு வழி. ஒன்று கேட்கும், ஒன்று கேட்காது.

இப்போது நினைவாற்றலுக்கு வருவோம். என் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அமைவுகளில் நாம் செய்யும் தேர்வை க்னோம் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. எந்தத் திரைக்கு எந்த ஏற்பாடு என்று தனித்தனியாக எழுதும். திரையை அடையாளம் காண இ.டி.ஐ.டி. தரும் தயாரிப்பாளர் பெயர், மாதிரி, தொடர் எண் ஆகியவற்றோடு, கணினியில் எந்தத் துளையில் செருகினோம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. புதிய திரை என்றால் இரண்டையும் இணைத்து நீண்ட மேசையாக்குவதே அதன் இயல்பு.

எனக்கு நடந்தது இதுதான். அந்த வகுப்பறையில் எப்போதோ ஒருநாள் அமைவுகளில் போய் 'ஒரே காட்சி' வைத்திருக்கிறேன். கணினி அதை மறக்கவில்லை. வள அறையின் எல்.சி.டி. அதற்குப் புதுசு, அதனால் நீட்டிவிட்டது. நான் மறந்ததை அது நினைவில் வைத்திருந்தது. அதே சமயம், சூப்பர்-பி வழியாகச் செய்யும் மாற்றம் அந்தக் கோப்பில் எழுதப்படுவதில்லை, அது தற்காலிகம். ஆக, 'போன தடவை நான் மாற்றினேனே' என்ற நம்பிக்கை ஒரு வழியில் செல்லும், இன்னொரு வழியில் செல்லாது. இந்த வேறுபாட்டைத் திரையில் எங்கேயும் சொல்வதில்லை.

இதில் இரண்டு கிளைச் சிக்கல்களும் உண்டு. கேபிளை வேறு துளைக்கு மாற்றினால், அதே எல்.சி.டி. புதிய திரையாகிவிடும். மறுபக்கம், பள்ளியில் ஒரே மாதிரியாக வாங்கிய எல்.சி.டி.கள் தனித் தொடர் எண் தராவிட்டால், நான்கு வகுப்பறையும் கணினிக்கு ஒரே அறையாகத் தெரியலாம்.

வீட்டு மேசையில் இரண்டாவது திரை வைத்திருப்பவருக்கு இந்த நினைவாற்றல் வரம். தினமும் அதே திரை, அதே இடம், பார்ப்பவர் அவர் ஒருவரே. வகுப்பறையில் திரையும் மாறுகிறது, பார்ப்பவரும் மாறுகிறார். வரம் அங்கே ஆபத்தாகிவிடுகிறது. க்னோமின் முக்கியக் குறையாக நான் சொல்வது இதைத்தான்: வீட்டு மேசையை மனத்தில் வைத்துச் செய்ததை வகுப்பறையிலும் வாய் திறக்காமல் செய்கிறது. இணைய வழிக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது மேல்பட்டையில் ஓர் அடையாளம் காட்டும் இதே க்னோம், முப்பது மாணவர் முன்னால் சுவரில் காட்டும்போது எந்த அடையாளமும் காட்டுவதில்லை.

மூன்றாவது கேள்வி: மறைப்பது. மூடியை மூடினால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெளித்திரை இணைந்திருக்கும்போது மூடியை மூடினால், லினக்ஸ் அதை 'வெளித்திரை மட்டும்' என்று எடுத்துக்கொள்கிறது. கணினி உறங்காது, எல்லாச் சாளரமும் சுவருக்குப் போகும். போதாக்குறைக்கு, மூடி மூடியிருக்கும்போது சூப்பர்-பியும் வேலை செய்யாது. உடனே மறைக்க எல்.சி.டி.யின் தொலைக்கட்டுப்பாட்டில் உள்ள படமறைப்பு விசைதான் சிறந்த வழி. அது கையில் இல்லையென்றால் கேபிளைக் கழற்றுங்கள்.

குறையை மட்டும் சொல்வது நியாயமில்லை. நீட்டிய நிலையில் க்னோம் செய்யும் ஒரு காரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பணியிடங்களை மாற்றும்போது முதன்மைத் திரை மட்டும் மாறும். மற்றத் திரை அசையாது. இதுவே அதன் இயல்பான அமைவு. மடிக்கணினியை முதன்மைத் திரையாக வைத்துக்கொண்டால், மதிப்பெண் பட்டியலை இன்னொரு பணியிடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சுவரில் பாடம் நிற்கும். அறிவிப்புகளும் முதன்மைத் திரையில்தான் வரும். சூப்பர், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் சாளரம் அடுத்த திரைக்குப் போகும். இந்த மூன்றையும் பழகினால் நீட்டிய நிலையைப் போல் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை.

கே.டி.இ. பிளாஸ்மா: கேட்டுவிட்டுச் செய்கிறது

பிளாஸ்மாவிலும் அதே சூப்பர்-பிதான். வேறுபாடு இரண்டு இடத்தில். புதிய திரையைச் செருகியதும் பிளாஸ்மா தானாகவே ஒரு பட்டையைக் காட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. வெளித்திரைக்கு மாறவா, மடிக்கணினித் திரையிலேயே நிற்கவா, இரண்டையும் ஒன்றாக்கவா, இடப்பக்கம் நீட்டவா, வலப்பக்கம் நீட்டவா, இல்லை உள்ளபடி விட்டுவிடவா? 'உள்ளபடி விடு' என்ற தேர்வைச் சேர்த்தவர் என்றாவது ஒருநாள் கூட்டத்தின் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

இடமா வலமா என்று கேட்பதும் சின்ன விஷயமில்லை. எல்.சி.டி.யின் சுவர் நமக்கு இடப்பக்கம் இருக்க, கணினி அதை வலப்பக்கமாக நினைத்தால், சுட்டியை எதிர்த்திசையில் தள்ளித் தேட வேண்டியிருக்கும். க்னோமில் இதைச் சரிசெய்ய அமைவுகளுக்குள் போய்ப் படத்தை இழுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, அறிவிப்புகள். 2019இல் வந்த 5.17 பதிப்பிலிருந்து, இரு திரையிலும் ஒரே காட்சி ஓடும்போது 'தொந்தரவு செய்யாதே' நிலைக்குத் தானாகப் போகும் வசதி பிளாஸ்மாவில் இருக்கிறது. பெற்றோர் ஒருவர் அனுப்பிய செய்தி வகுப்பின் நடுவே சுவரில் முளைப்பதை இது தடுக்கும். ஒரே காட்சி என்றால் வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று பிளாஸ்மா ஊகிக்கிறது. நான் முதல் கேள்வியில் கேட்டதற்கு மிக அருகில் வருவது இந்த ஊகம்தான்.

பிளாஸ்மாவும் முழுக்கத் தப்பவில்லை. ஏற்கெனவே தெரிந்த திரை என்றால் அதுவும் கேட்காமல் பழைய ஏற்பாட்டையே போட்டுவிடுகிறது. எனக்கு நடந்தது பிளாஸ்மாவிலும் நடக்கலாம்.

எக்ஸ்ரேண்டர்: சக்தி உண்டு, இடம் வேறு

லினக்ஸ் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையைச் சொல்லித் தருவார். முனையத்தைத் திறந்து, எந்த வெளியீடு, எந்தத் தெளிவுத்திறன், எதற்கு எந்தப் பக்கம் என்று ஒரே வரியில் எழுதலாம். அந்த வரியை ஒரு சிறு கோப்பாக்கி, ஒரு விசையில் கட்டிவிட்டால், 'வகுப்பு' என்று ஒரு விசை, 'ஆசிரியர் அறை' என்று ஒரு விசை. கேட்கவே நன்றாக இருக்கிறது. அரேண்டர் என்ற வரைகலைக் கருவி, அந்த வரியை நமக்காக எழுதியும் தரும்.

ஆனால் இது எக்ஸ்11 காலத்துக் கருவி. உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலண்ட்தான் இயல்பான அமர்வு. அங்கே எக்ஸ்ரேண்டர் திரைகளின் பட்டியலைக் காட்டும். மாற்றச் சொன்னால் மாற்றாது. பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதிவிட்டு, 'ஏன் ஒன்றும் நடக்கவில்லை?' என்று தலையைச் சொறிபவர்கள் பலர். லினக்ஸ் மின்டின் சின்னமன் சூழலில் இயல்பான அமர்வு எக்ஸ்11 என்பதால், அங்கே இன்னும் கைகொடுக்கும்.

வேலை செய்யும் இடத்திலும், வகுப்பறைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெளியீட்டின் பெயர் கணினிக்குக் கணினி மாறும். எழுத்துப் பிழை வந்தால் கண்ணுக்குத் தெரியாத திரையில் திருத்த வேண்டி வரலாம். ஆசிரியர் அறையில் நிதானமாக உட்கார்ந்து செய்ய ஏற்ற கருவி; முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏற்றதல்ல.

புள்ளி தெரியாத தமிழ்

நான்காவது கேள்வி நமக்கே உரியது. ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி போனால் 'க்', 'க' ஆகிவிடும். 'ன', 'ண' இரண்டின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலும் ரகரமும் வேறுபாடு இல்லாமல் நிற்கும். ஆண்டு 1 மாணவனுக்குச் சூழலை வைத்து ஊகிக்கத் தெரியாது; சுவரில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுவான். சொல்வதெழுதுதலில் அவனுக்கு விழும் சிவப்புக்கோடு சில நேரம் திரையின் குற்றமாக இருக்கலாம்.

திரை நிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இன்றைய மடிக்கணினி பலவற்றின் தெளிவுத்திறன் 1920×1080. பள்ளிகளில் உள்ள எல்.சி.டி. 1024×768 ஆகவோ 1280×800 ஆகவோ இருக்கலாம். 'ஒரே காட்சி' என்றால் க்னோம் இரண்டும் தாங்கும் ஒரு பொது அளவைத் தேடும். அது இரண்டில் ஒன்றுக்காவது இயல்பான அளவாக இருக்காது. இயல்பல்லாத அளவில் ஓடும் திரை, ஒரு புள்ளியைப் பக்கத்துப் புள்ளியோடு கலந்து காட்டும். முதலில் அடிபடுவது நம் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி.

நீட்டிய நிலையில் இந்தச் சமரசம் தேவையில்லை. ஒவ்வொரு திரையும் தன் இயல்பான அளவில் ஓடும். ஆக, மதிப்பெண்ணை மறைக்க உதவும் அதே நிலைதான் எழுத்தையும் தெளிவாகக் காட்டுகிறது. இடையில் மலிவான பிரிப்பானோ மாற்றியோ இருந்தால் மட்டும் கவனம். முன்பு சொன்ன இ.டி.ஐ.டி. குறிப்பு அதைத் தாண்டி வராமல் போகலாம். அப்போது கணினி பாதுகாப்பாக 1024×768 போன்ற பழைய அளவைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து மங்கினால், எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

மறுப்பும் பதிலும்

'விண்டோஸிலும் இதே கதைதானே, லினக்ஸை மட்டும் ஏன் குறை சொல்றீங்க?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009இல் வந்த விண்டோஸ் 7இலிருந்து அங்கேயும் விண்டோஸ்-பி விசை இருக்கிறது. அங்கேயும் பெயர்கள் திரைகளைப் பற்றியவைதான். ஆனால் லினக்ஸில் ஒரு வேறுபாடு: குறையைச் சொன்னால் திருத்த வழி உண்டு. பிளாஸ்மாவும் க்னோமும் வெளிப்படையாக உருவாக்கப்படுகின்றன. பெயர்களின் தமிழாக்கமும் தன்னார்வலர்கள் செய்வதே. நமக்கு ஏற்ற சொல்லை நாமே முன்மொழியலாம். தமிழாசிரியர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பணி ஏது?

'கணினிக்கு எப்படி சார் தெரியும், அது எல்.சி.டி.யா வீட்டுத் திரையான்னு?' என்பது இன்னொரு கேள்வி. தெரிய வேண்டியதில்லை. 'ஒரே காட்சி' என்ற பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் முன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நல்ல தலைமையாசிரியர், வகுப்புக்குள் வரும் முன் கதவைத் தட்டுவார். அந்த அளவு மரியாதையைத்தான் மென்பொருளிடமும் கேட்கிறேன்.

முடிவு

வகுப்பறை என்ற அளவுகோலில், பிளாஸ்மாவே முன்னால் நிற்கிறது. கேட்கிறது, பக்கம் சொல்கிறது, அறிவிப்பை அடக்குகிறது. க்னோமின் நீட்டிய நிலை நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த நிலையில் இருக்கிறோம் என்று சொல்லாமல் விடுவது பெரிய குறை. எக்ஸ்ரேண்டர் வல்லவர்களுக்கு மட்டும். க்னோமை விட்டு உடனே மாற வேண்டியதில்லை. கீழே உள்ள பழக்கங்கள் போதும்.

• கேபிளைச் செருகும் முன் வகுப்புக்கு வேண்டாத எல்லாக் கோப்பையும் மூடுங்கள். இது எந்த மென்பொருளையும் விட நம்பகமானது.
• செருகும்போது எல்.சி.டி.யில் படமறைப்பு விசை அழுத்தியே இருக்கட்டும். நிலையைச் சரிபார்த்த பிறகு திறந்து விடுங்கள்.
• நீங்கள் பாடம் எடுக்கும் ஒவ்வோர் அறையிலும் ஒருமுறை அமைவுகளுக்குள் போய் 'நீட்டிய நிலை, மடிக்கணினி முதன்மை' என்று வைத்துவிடுங்கள். அது நினைவில் நிற்கும்.
• எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள்.
• ஒரே காட்சி வேண்டுமென்றால் சூப்பர்-பி வழியாக மட்டும் மாற்றுங்கள். அது அந்த அறையின் நினைவில் பதியாது.
• மூடியை மூடி மறைக்க முயலாதீர்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

படிவம் 6இல் இடுபணியைப் படைக்கும்போது உங்களுக்கும் இது உதவும். லிப்ரே ஆபிஸ் இம்பிரெஸ் மென்பொருளில், நீட்டிய நிலையில் எப்5 விசையை அழுத்தினால் படவில்லை சுவரில் ஓடும். உங்கள் திரையில் அடுத்த வில்லையும், உங்கள் குறிப்பும், கடிகாரமும் தெரியும். ஒரே காட்சி நிலையில் வழக்கமாக இந்த வசதி கிடைக்காது. 'குறிப்பு காணோமே' என்று மேடையில் விழிப்பவர்களில் பாதிப்பேர் தவறான நிலையில் இருப்பவர்கள்தான்.

இன்னொன்று, எழுத்துத் தேர்வுக்காக. ஒரு பொருளை மதிப்பிட்டு எழுதச் சொன்னால், 'நன்று', 'நன்றன்று' என்று தொடங்காதீர்கள். யாருக்காக, எந்த இடத்தில், எந்த அளவுகோலால் என்று முதலில் சொல்லுங்கள். க்னோமின் நினைவாற்றல் வீட்டு மேசையில் நிறை, வகுப்பறையில் குறை என்று மேலே பார்த்தோம். இடத்தைச் சொல்லாமல் நிறைகுறை சொன்னால் அந்த வரிக்கு மதிப்பெண் கொடுப்பது கடினம்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அவனைத் தனியாக அழைத்து, அந்தக் குறிப்பை நான் ஏன் எழுதினேன், அதற்காக அவனுக்கு என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கினேன். தலையாட்டினான். அதன் பிறகு, நான் கேபிளைத் தொடும்போதெல்லாம் சுவரைப் பார்க்கிற முதல் ஆள் அவன்தான். இப்போது நானும் அவனோடு சேர்ந்து திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.